சுவரில் ஆணி அடிக்கக் கூடாது

ஒரு ஆணித் துளையிலிருந்து நாற்பத்திரண்டாயிரம் எப்படி வருகிறது என்பதைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தால், அதில் ஓர் அழகு இருக்கத்தான் செய்கிறது. சுவரில் துளை இருக்கிறது. அதை அடைக்க வேண்டும். அடைத்த இடம் தேமல் மாதிரித் தெரியும். ஆகவே அந்தச் சுவர் முழுக்கப் பெயின்ட் அடிக்க வேண்டும். ஒரு சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தால் மற்ற மூன்றும் அழுது வடியும். ஆகவே கூடம் முழுவதும். கூடம் புதுசாக இருந்தால் படுக்கையறைக்குள் நுழைகிறவருக்கு மனசு சுருங்கும். ஆகவே வீடு முழுவதும். வீடு முழுவதும் என்றால் மின்விசிறிகளைக் கழற்ற வேண்டும். கழற்றி மாட்டிய மின்விசிறி கடகடக்கும். ஆகவே ஒரு எலக்ட்ரீஷியன். பெயின்டர் ஏற ஏணி, சொட்டியதைத் துடைக்க ஆள்.

"மொத்தம் நாப்பத்திரண்டு," என்றார் வீட்டுக்காரர், தாளைத் திருப்பிக் காட்டி. "டீச் செலவ நான் பாத்துக்கறேன். ஆறு வருஷம் பழகியாச்சு."

லிஃப்ட்காரர் தாளை இரண்டு முறை படித்தார். ஊரில் நாற்பத்தொரு லிஃப்டுகளின் பராமரிப்பு அவர் கையில். அதனால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர்தான். ஒரு பல்சக்கரம் இன்னொன்றைத் தள்ள, அது அடுத்ததைத் தள்ள, கடைசியில் ஒரு டன் எடை மேலே போவதை இருபது வருடமாகப் பார்த்து வருகிறவர். இந்தத் தாளிலும் எல்லாம் அப்படித்தான் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நின்றது. ஆனால் முதல் சக்கரத்திலேயே கோளாறு.

"ஐயா, அது உங்க பலகை மாட்டியிருந்த ஆணிதானே."

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் அவர்கள் குடிவந்த அன்றே அது கூடத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு முழ நீளம், சிவப்பு எழுத்து: 'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இப்படிக்கு, வீட்டு உரிமையாளர்.' ஆறு வருடமும் குடும்பம் அதற்குக் கட்டுப்பட்டது. அம்மாவின் முகக்கண்ணாடி பீரோவில் சாய்ந்து நின்றது. காலண்டர் ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொண்டது. கடிகாரம் அலமாரியில் மல்லாக்கப் படுத்துக் கிடந்தது; மணி பார்க்க வேண்டுமென்றால் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்து பார்க்க வேண்டும். வீட்டைக் காலி செய்த அன்று வீட்டுக்காரர் வந்து, பலகையைக் கையோடு கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஆணியை இரண்டு விரலால் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த துளையைச் சுட்டிக்காட்டி, "அடடா" என்றார்.

"பலகை என்னுதுதான் தம்பி. நான் இல்லேன்னு சொல்லலையே," என்றார் இப்போது. "துளை உங்க காலத்துல வெளிய வந்தது. குடிவரும்போது நிலவர அறிக்கைல கையெழுத்துப் போட்டீங்கல்ல. 'துளைகள்'னு ஒரு இடம் இருந்துது. என்ன எழுதினீங்க?"

"ஒண்ணும் எழுதல."

"காலியா விட்டா பூஜ்யம்னு அர்த்தம்." அவர் எழுந்து, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நமக்குள்ள எதுக்குத் தம்பி மனஸ்தாபம். ஆபீஸ் இருக்கு. அவங்க சொல்லட்டும்."

மனஸ்தாபம் அல்ல பிரச்சினை, அம்மாவின் முழங்கால். ஊரெல்லாம் லிஃப்டை ஓடவைக்கிறவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. எட்டு மாதமாக அம்மா தெருவில் கால் வைக்கவில்லை. ஒரு நர்ஸம்மாவின் வீட்டில் தரைத்தளம் காலியாக இருந்தது, வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. அட்வான்ஸ் அறுபதாயிரம். பழைய வீட்டிலும் அதே அறுபதாயிரம்தான் கிடந்தது. அங்கே வாங்கி இங்கே கொடுப்பது திட்டம். நர்ஸம்மா இரண்டு மாதம் பொறுப்பதாகச் சொன்னார். அதுவரை அக்கா வீட்டுக் கூடத்தில் ஒதுங்கலாம் என்று, அம்மாவை நாற்காலியில் உட்கார்த்தி, லிஃப்ட்காரரும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூன்று மாடி இறக்கி, அக்கா வீட்டு இரண்டு மாடி ஏற்றியிருந்தார்கள்.

"தெருவத் தாண்டும்போது ஒரு நிமிஷம் இறக்கி வச்சிருக்கலாம்ல," என்றாள் அம்மா, மேலே போய்ச் சேர்ந்த பிறகு.

முன்பணப் பிடித்தத் தீர்வு அலுவலகம் மூன்று மாடிக் கட்டடம். தரைத்தளத்தில் ஒன்றாம் ஜன்னல். அதற்கு எதிரே மின்விசிறி, மெத்தை நாற்காலிகள், தண்ணீர்க் கேன், 'உடைமைச் சொந்தக்காரர்களுக்கு மட்டும்' என்ற அறிவிப்பு. பக்கத்தில் லிஃப்ட், அதிலும் அதே அறிவிப்பு. இரண்டு முதல் ஒன்பது வரையிலான ஜன்னல்கள் குடித்தனக்காரர்களுக்கு, இரண்டாவது மாடியில். லிஃப்ட்காரர் படியேறும்போது சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் போகும் சத்தம் கேட்டது. பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டாம் ஜன்னலில் ஓர் அம்மாள் முத்திரை மையை ஊதிக்கொண்டிருந்தார்.

"இப்ப எங்க குடியிருக்கீங்க?"

"எங்கயும் இல்லைங்க மேடம். அக்கா வீட்டு ஹால்ல இருக்கோம்."

"அப்ப நீங்க குடித்தனக்காரர் இல்ல. குடித்தனக்காரர் மட்டும்தான் மனு போட முடியும்."

"காலி பண்ணாத்தானே மேடம் அட்வான்ஸ் தகராறே வரும்?"

"காலி பண்ணிட்டீங்கன்னா குடித்தனக்காரர் இல்லையே." அவர் கோபப்படவில்லை. ஒரு நாளைக்கு முப்பது பேருக்குச் சொல்கிற விஷயம். "முன்னாள் குடித்தனக்காரர்னு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. அஞ்சாம் ஜன்னல். அதுல வீட்டுக்காரர் கையெழுத்து வேணும், ஏழாம் ஜன்னல் முத்திரை வேணும், ஏழுல முத்திரை வைக்க மூணாம் ஜன்னல் சீட்டு வேணும்."

லிஃப்ட்காரருக்கு இதிலும் ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஒன்பது மாடி லிஃப்டில் ஒன்பது கதவுக்கும் ஒன்பது சுவிட்சுகள் உண்டு. எல்லாம் ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்திருக்கும். எட்டுக் கதவு சாத்தி ஒரு கதவு விரல் அளவு திறந்திருந்தாலும் பெட்டி நகராது. ஆள் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி. இங்கேயும் அதே ஏற்பாடுதான். யார் விழக் கூடாது என்பதற்காக என்பதுதான் விளங்கவில்லை.

கையெழுத்துக் கேட்டுப் போனபோது வீட்டுக்காரர் முகம் மலர்ந்தார். பேனாவைக்கூட அவரே எடுத்தார். "மூணாம் ஜன்னலுக்கு மத்தியானம் போங்க தம்பி, கூட்டம் இருக்காது. ஏழுல இருக்கறவருக்கு முதுகுவலி. நின்னுட்டுப் பேசாதீங்க, குனிஞ்சு பேசுங்க." போகிறவரைக் கூப்பிட்டு நிறுத்தி, "குடை எடுத்துட்டுப் போங்க, அங்க மாடில ஒழுவும்," என்றும் சொன்னார்.

மனு ஏற்கப்பட்ட அன்று அறுபதாயிரமும் அலுவலகத்தின் காவலுக்குப் போயிற்று. காவலுக்குக் கட்டணம் உண்டு. அது அந்த அறுபதாயிரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளப்படும். பணத்தைப் பத்திரமாக வைத்திருப்பதால் அது குறைகிறது என்று விளக்கினார் எட்டாம் ஜன்னல்காரர்.

காத்திருக்கும் இடத்தில் நாற்காலி கிடையாது. ஆனால் பலர் உட்கார்ந்துதான் இருந்தார்கள். ஒருவர் கை கழுவும் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு பெண்மணி ஒரு கதவைச் சுவரில் சாய்த்து, அதில் தானும் சாய்ந்திருந்தார். தாழ்ப்பாள் எல்லாம் இருந்தது.

"கதவு உங்களுதாங்க?"

"ஆமாங்க. கீறல்னு சொல்லி முழுக் கதவு காசையும் பிடிச்சுட்டாங்க. முழுக்காசு பிடிச்சா பொருள் நமக்குச் சொந்தமாம், விதி முப்பத்தொண்ணு. பதினஞ்சு நாள்ல எடுத்துட்டுப் போகலேன்னா திரும்ப வீட்டுக்காரருக்கே போயிடும். எடுத்துட்டு வந்துட்டேன்." பெண்மணி கதவைத் தட்டிப் பார்த்தார். "நல்ல மரம். வீடுதான் இல்ல."

தொட்டிக்காரர் இடம் கொடுத்தார். தொட்டியின் விளிம்பில் லிஃப்ட்காரரும் உட்கார்ந்துகொண்டார். அன்று சாயங்காலம் திரும்பும்போது, ஆறாம் ஜன்னலில் 'விதிப் புத்தகம் விற்பனைக்கு' என்று எழுதியிருப்பதைப் பார்த்தார். எந்த இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்னாலும் அதன் கையேட்டைப் படிக்கிற பழக்கம் அவருக்கு. கேட்டதும் ஆறாம் ஜன்னல்காரர் குழம்பிப் போய் உள்ளே சென்று, இருபது நிமிடம் கழித்துத் தூசி தட்டிக்கொண்டே வந்தார். "இத யாரும் வாங்குனதே இல்லைங்க. விலை என்னன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க, பின்பக்கம் இருக்கும்."

மூன்றாவது வாரம் துளை ஆய்வாளர் வந்தார். அது ஒரு தனிப் பதவி. தோல் பெட்டிக்குள் ஊசி முதல் பென்சில் வரை பருமனில் முப்பது எஃகுக் குச்சிகள், ஒவ்வொன்றிலும் அளவுக் கோடுகள். லிஃப்ட்காரருக்குத் தன்னை மறந்து கை நீண்டது. "தொடாதீங்க," என்றார் ஆய்வாளர், ஆனால் பெருமையாக.

வீடு காலியாக இருந்தது. பலகை மறுபடி பழைய இடத்தில் தொங்கியது. வீடு பார்க்க ஆட்கள் வந்து போகிறார்கள் என்றார் வீட்டுக்காரர். சுவர் மொட்டையாக இருந்தால் நன்றாக இருக்காதாம். ஆய்வாளர் பலகையைக் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்தார், ஆணியை உருவினார், குச்சியை விட்டுப் பார்த்தார், குறித்துக்கொண்டார், ஆணியைத் திரும்பச் செருகினார், பலகையை வாங்கி மாட்டினார். நேராக இருக்கிறதா என்று இரண்டடி பின்னால் போய்க்கூடப் பார்த்தார்.

"சார், பலகை மாட்டற ஆணிதான் அந்தத் துளைல இருக்குன்னு இப்ப நீங்களே பாத்தீங்களே," என்றார் லிஃப்ட்காரர்.

"பலகை என் வேலை இல்ல. நான் துளை."

"சுவத்துல பலகை அளவுக்கு நிறம் வேறயா இருக்கு பாருங்க. எத்தனை வருஷமா தொங்கினா இப்படி ஆகும்?"

"அது சுவர். சுவருக்குத் தனி ஆள். பலகைக்கும் தனி ஆள். அந்த ரெண்டு பதவியும் காலியா இருக்கு." ஆய்வாளர் பெட்டியைப் பூட்டினார். "நான் சேந்து பதினெட்டு வருஷமாச்சு. இதுவரைக்கும் ஒரு தடவைகூட துளையத் தவிர வேற எதையும் பாத்ததில்ல. அதனாலதான் என் அறிக்கைல ஒரு தப்பு வந்ததில்ல."

அறிக்கை வந்தது. 'துளை உள்ளது. அகலம் ஆறு மில்லிமீட்டர், ஆழம் முப்பத்திரண்டு.'

விசாரணை நாளன்று மருந்துக்கடைப் பில் கவுன்ட்டரில் விடுப்புச் சொல்லிவிட்டு மனைவியும் வந்தாள். தீர்வு அதிகாரியின் மேசை பெரியது. அதன் ஒரு பக்கம் வீட்டுக்காரருக்கு நாற்காலி போட்டிருந்தது. மறுபக்கம் தரையில் இரண்டு பாதங்களின் படம் வரைந்திருந்தது, நிற்பதற்கு.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் அதிகாரி, கண்ணாடியைத் துடைத்தபடி. "நாங்க நடுநிலை. எந்தப் பக்கமும் சாயறதில்ல. அதனாலதான் யார் பேசறதையும் கேக்கறதில்ல, தாளை மட்டும்தான் பாப்போம். பதினெட்டு வருஷத்துல ஒரு வீட்டுக்காரர்கூட எங்க மேல புகார் சொன்னதில்ல."

"குடித்தனக்காரங்க?" என்றாள் மனைவி.

"புகார் எழுத நிரந்தர முகவரி வேணும்மா. அவங்கதான் மாறிட்டே இருக்காங்களே."

லிஃப்ட்காரர் பாதங்களின் மேல் நின்றபடி, பலகை, ஆணி, துளை என்று வரிசையாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் அதிகாரி தலையாட்டிவிட்டு, அந்த வீட்டின் பழைய கோப்புகளைக் கொண்டுவரச் சொன்னார். நான்கு கோப்புகள் வந்தன. முன்பு குடியிருந்த நான்கு பேருக்கும் பிடித்தம் நடந்திருந்தது. நான்கும் கூடத்துச் சுவர், ஆணித் துளை, அகலம் ஆறு, ஆழம் முப்பத்திரண்டு.

அதிகாரிக்கு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "பாத்தீங்களா, அஞ்சு அறிக்கை. ஒரு மில்லிமீட்டர்கூட மாறல. இதுதாங்க எங்க ஆய்வாளரோட துல்லியம்."

"சார், அஞ்சும் ஒரே துளை."

"அதத்தான் சொல்றேன்."

"அஞ்சு பேர்கிட்ட பெயின்டுக்குப் பிடிச்சிருக்கு. ஒரு தடவையாவது பெயின்ட் அடிச்சிருந்தா துளை இருக்காதே சார்."

"பிடித்தம் நடந்துதாங்கறதுதான் எங்க துறை. பெயின்ட் நடந்துதாங்கறது எங்களுக்கு வராது." அவர் குரலைத் தாழ்த்தினார், அக்கறைதான். "நீங்க ஒண்ணு யோசிக்கணும். நாலு பேர் முணுமுணுக்காம கட்டியிருக்காங்க. இப்ப உங்களுக்கு மட்டும் விட்டுக்குடுத்தா, அந்த நாலு பேருக்கும் அநியாயம் பண்ணின மாதிரி ஆயிடாதா?"

வீட்டுக்காரர் அந்த நான்கு பேரையும் நினைத்துப் பார்ப்பவர்போல் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

உத்தரவு ஒரு வாரத்தில் வந்தது. பிடித்தம் நாற்பத்திரண்டாயிரம் சரி. காவல் கட்டணம் மூவாயிரம். மனுதாரருக்கு மீதி பதினைந்தாயிரம். நர்ஸம்மா கொடுத்த கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வேறு இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பதாகவும், தனக்கு இதைச் சொல்லவே சங்கடமாக இருப்பதாகவும் அவர் ஃபோனில் சொன்னார்.

அக்கா வீட்டுக் கூடத்தில் அன்று லிஃப்ட்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதமாக வேலைக்கு நடுவே இருபத்திரண்டு முறை அந்த மாடிப்படி ஏறியிருந்தார். கோபம் எந்தப் படியிலோ இறங்கிக்கொண்டது, களைப்பு மட்டும் கூடவே வீட்டுக்கு வந்தது. உத்தரவோடு இன்னொரு தாளும் இணைத்திருந்தது. அதை மனைவி எடுத்துப் படித்தாள்.

"என்னங்க இது. 'முழுத் தொகையும் பிடிக்கப்பட்ட பொருளான துளை ஒன்று, விதி முப்பத்தொன்றின்படி தங்களுக்கு உரியதாகிறது. பதினைந்து நாட்களுக்குள் எடுத்துச் செல்லவும்.'"

தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். பிறகு, "எந்தப் பை எடுத்துட்டுப் போவீங்க?" என்றாள்.

கட்டிலில் படுத்திருந்த அம்மா திரும்பினாள். "எடுத்துட்டு வந்துடுடா. நாப்பத்திரண்டாயிரம் ஆச்சே. அந்த நாலு பேர் என்ன பண்ணினாங்களாம்?"

"எடுத்துட்டுப் போகலம்மா. திரும்ப அவருக்கே போயிடுச்சு."

சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நின்றுபோன லிஃப்டின் முன்னால் பாதி மெக்கானிக்குகள் மோட்டாரைத்தான் பார்ப்பார்கள். இவர் அப்படியல்ல, மின்சாரம் எது வரைக்கும் வருகிறது என்று ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவார். எங்கேயோ ஓர் இடம் வரை உயிர் இருக்கும். அங்கிருந்து தொடங்கினால் போதும். பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து முப்பத்தொன்றைப் பிரித்தார்.

முப்பத்தொன்றுக்குக் கீழே முப்பத்திரண்டு இருந்தது. எடுத்துச் செல்ல இயலாத பொருளை, இருபத்திரண்டாம் படிவம் கொடுத்து, இருந்த இடத்திலேயே தன் உடைமையாகப் பதிந்துகொள்ளலாம். முப்பத்து மூன்று: பிறர் உடைமையைப் பயன்படுத்துகிறவர் உரிய முன்பணம் கட்ட வேண்டும், முன்பணம் என்பது அலுவலகம் மதிப்பிட்ட விலை. முப்பத்து நான்கு: பிறர் உடைமையை அழித்தாலோ அடைத்தாலோ அதே விலை. முப்பத்தைந்து: ஒப்பந்த நகலைப் பொருளின் அருகிலேயே ஒட்ட வேண்டும்.

"படிச்சு என்னங்க ஆகப் போகுது," என்றாள் மனைவி.

"ஒண்ணும் இல்ல. அவரு பலகை இப்ப எங்க தொங்குது?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை வாங்கிப் படித்தாள். பிறகு அம்மாவிடம், "அத்தை, நாளைக்கு உங்க பையன் வேலைக்குப் போகல," என்றாள்.

மறுநாள் இரண்டாம் ஜன்னல் அம்மாள் இருபத்திரண்டாம் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் மாறியது. எழுந்து நின்றார்.

"சார், நீங்க ஏன் இங்க நிக்கறீங்க. நீங்க சொந்தக்காரர். ஒண்ணாம் ஜன்னலுக்குப் போகணும்."

"துளைதாங்க மேடம்."

"எதுவா இருந்தா என்ன சார். கீழ போங்க. லிஃப்ட்ல போங்க."

லிஃப்ட் கதவைக் காவலாளி திறந்துவிட்டார். உள்ளே கண்ணாடி இருந்தது. இறங்கும்போது பிரேக் கட்டை கீச்சிட்டது. கீழே மெத்தை நாற்காலி, மின்விசிறி. கேட்காமலே டீ வந்தது. அரை மணி நேரத்தில் தீர்வு அதிகாரியே இறங்கி வந்தார். அவர் கையில் இவருடைய மனு இருந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, யோசனையாக, "இந்த மாதிரி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல," என்றார்.

"விதில இருக்கு சார். முப்பத்து மூணு."

"இருக்கு, இருக்கு. நான் இல்லேன்னு சொல்லல. வீட்டுக்காரர் இந்த அலுவலகத்துக்கு ரொம்ப நாள் பழக்கம், அதான் பாக்கறேன்." அதிகாரி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். மனதுக்குள் எதையோ தூக்கி நிறுத்திப் பார்ப்பது தெரிந்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா சார், ஒரு கொள்கைன்னு இருக்கு. சொந்தக்காரர் ஒருத்தரோட உடைமைய இன்னொருத்தர் சும்மா பயன்படுத்திட்டிருக்கறத எங்களால பாத்துட்டிருக்க முடியாது. அப்படி விட்டா நாளைக்கு யாரு பொருள் வாங்குவா? இந்த அலுவலகம் எதுக்கு இருக்கு?"

"எதுக்கு சார்?"

"சொந்தக்காரங்களுக்காக," என்றார் அதிகாரி, அதில் என்ன சந்தேகம் என்பதுபோல.

இரண்டாவது மாடியில் இரண்டு மாதம் பிடித்த வேலை ஒன்றாம் ஜன்னலில் நான்கு நாளில் முடிந்தது. அங்கே கையெழுத்துகள் நடந்து வந்தன. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பலகை இன்னமும் அந்தத் துளையில்தான் தொங்குகிறதா என்று கேட்டார்கள். ஆய்வாளரின் அறிக்கை துளையை மட்டும்தான் சொன்னது; ஆனால் பலகையைத் தன் கையாலேயே மாட்டியதை ஆய்வாளர் மறுக்கவில்லை, சொந்தக்காரர் கேட்டால் சொல்லத்தானே வேண்டும். அடைத்தால் நாற்பத்திரண்டாயிரம் இழப்பீடு, தொங்கவிட்டால் நாற்பத்திரண்டாயிரம் முன்பணம், இரண்டும் வேண்டாமென்றால் பலகையை எடுத்துவிடலாம் என்றார்கள்.

வீட்டுக்காரர் கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீடு பார்த்து முடிவு சொல்ல வருகிறார். பலகை இல்லையென்றால் சுவரில் துளை தெரியும். தெரிந்தால் அறிக்கையில் எழுதிவிடுவார். எழுதிவிட்டால் அந்தத் துளை அதோடு போயிற்று. பதினெட்டு வருடம் மில்லிமீட்டர் பிசகாமல் சம்பாதித்துக் கொடுத்த துளை.

"சரி," என்றார் கடைசியில், காசோலைப் புத்தகத்தைப் பிரித்து. "அட்வான்ஸ்தானே. எங்க போயிடும், திரும்பி வரத்தானே போவுது."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. உண்மையாகவே நம்பினார்.

பதினைந்தாயிரமும் நாற்பத்திரண்டாயிரமும் ஐம்பத்தேழு. மீதி மூவாயிரத்தை மனைவி மருந்துக்கடையில் சம்பளத்தில் முன்கூட்டி வாங்கினாள். கெடு முடிவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது நர்ஸம்மா கையில் அறுபதாயிரம் சேர்ந்தது. அதற்கு முதல் நாள், விதி முப்பத்தைந்தை மதித்து, லிஃப்ட்காரர் பழைய வீட்டுக்குப் போய், ஒப்பந்த நகல் ஒன்றைப் பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டு வந்திருந்தார். ஆணி அடிக்கவில்லை, பசைதான். வீட்டுக்காரர் அதைக் கிழிக்க முடியாது, அது அலுவலக முத்திரை.

அம்மாவை மறுபடி நாற்காலியில் வைத்து இரண்டு மாடி இறக்கினார்கள். இந்த முறை தெருவில் இறக்கி வைத்தார்கள்.

குடிபோன இரண்டாவது வாரம் ஒரு காலை நேரம், வீட்டுக்காரர் வந்தார். சட்டை மடிப்புக் கொஞ்சம் கலைந்திருந்தது. அக்குளில் பலகை.

"உக்காருங்க ஐயா."

"உக்கார நேரமில்ல தம்பி. புதுசா வந்தவரு நீங்க ஒட்டின தாளைப் படிச்சிருக்காரு. பலகையத் தூக்கிப் பாத்துட்டு, அறிக்கைல 'துளைகள்: ஒன்று, பலகைக்குப் பின்னால், வேறொருவருக்குச் சொந்தம்'னு எழுதிட்டாரு. இனிமே எனக்கு அந்தத் துளை எதுக்கு? பலகையக் கழட்டிட்டேன். துளைய காலி பண்ணியாச்சு." கையை நீட்டினார். "அட்வான்ஸ குடுத்துட்டீங்கன்னா..."

லிஃப்ட்காரர் உள்ளே பார்த்தார். கூடத்தில் அந்த நாற்பத்திரண்டாயிரம் எங்கேயும் இல்லை; அது இப்போது நான்கு சுவராகவும் ஒரு வாசலாகவும் இருந்தது. கடிகாரம் இன்னும் அலமாரியில் மல்லாந்துதான் கிடந்தது. நர்ஸம்மா ஆணி அடித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தும் அவருக்குக் கை வரவில்லை.

"கழட்டும்போது ஆணி விரலோட வந்துதா, இல்ல நெம்பினீங்களா?"

"கொஞ்சம் இறுகியிருந்துது. ஸ்க்ரூடிரைவர் வச்சு லேசா..."

"காரை பெயர்ந்துதா?"

"லேசாத்தான் தம்பி. ஒரு சுண்டைக்காய் அளவு."

"ஆறு மில்லிமீட்டர் இருந்துது," என்றார் லிஃப்ட்காரர். அவர் குரலில் கோபம் இல்லை, சந்தோஷமும் இல்லை. இருபத்திரண்டு முறை படியேறியவரின் குரல் அது. வீட்டுக்காரரின் தாள் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. சுண்டைக்காய் அளவிலிருந்து தொடங்கி அடுத்த சக்கரம், அதற்கடுத்த சக்கரம் என்று முழுவதையும் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லத் தெம்பில்லை.

"நமக்குள்ள எதுக்கு ஐயா மனஸ்தாபம்," என்றார். "ஆபீஸ் இருக்கு. அவங்க சொல்லட்டும்."

வீட்டுக்காரர் பலகையை அடுத்த அக்குளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு மெதுவாக, "ஒண்ணாம் ஜன்னல்தானே?" என்றார்.

"இல்லைங்க. துளையப் பொறுத்தவரைக்கும் நீங்க முன்னாள் குடித்தனக்காரர். ரெண்டாவது மாடி. படியிலதான் போகணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பலகையக் கையோட வச்சுக்கங்க. அங்க உக்கார ஒண்ணும் இருக்காது," என்றார்.

வீட்டுக்காரர் திரும்பித் தெருவில் இறங்கினார். எதிரே, கைத்தடியை ஊன்றி, தெருமுனை வரை தனியாகப் போய்விட்டு அம்மா திரும்பி வந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் நின்று, "என்னங்க, இவ்ளோ தூரம் நடந்தா வந்தீங்க, காலு வலிக்கலையா?" என்று கேட்டாள்.